காவிரியைக் காத்த காட்டன்

தஞ்சைத் தரணியைத் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று படிக்கின்றோம். அக்களஞ்சியம் ஒரு காலத்தில் வறண்டுபோக இருந்தது. அதனைக் காக்க அரும்பாடுபட்டவர் சர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர்.

அவர் 1803-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். நம் வயதில், அதாவது 15 வயதில், இராணுவப் பொறியியல் பயிலச் சென்றார். 1821-இல் சென்னைக்கு வந்தார்.

நம் மன்னார்புரத்திற்கு மேற்கே உள்ளது முக்கொம்பு. அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடம் பள்ளமானது. ஆகவே வெள்ளநீர் அதன் வழியே ஓடி வீணாகக் கடலில் கலந்தது. காவிரியிலோ மணல் மேடிட்டது. வாய்க்கால்களில் நீர் ஏறவில்லை. நாற்று விட்ட உழவர் நடவு செய்ய வழியின்றித் தவித்தனர். நிலவரி வாங்கிய கம்பெனி அரசோ, நீருக்குச் செலவிடத் தயங்கியது.

காட்டன் கல்லணையை நன்கு ஆராய்ந்தார். ஆற்று மணலின் மீதே கற்களைக் கொண்டு அணை எழுப்பிய நம் முன்னோரின் திறமையைக் கண்டு வியந்தார். அணையில் மணற்போக்கிகள் அமைத்தார். பின்னர் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டும் பணியைத் தொடங்கினார். காவிரிக்கு மீண்டும் நீர் கிடைத்தது, வயல்கள் செழித்தன.

கல்லணையில் கற்ற பாடம் ஆந்திர நாட்டிலும் பயன்பட்டது. பஞ்சத்தால் வாடிய கோதாவரிக் கரையில் தவளேசுவரம் அணையை 1847-இல் தொடங்கி 1852-இல் முடித்தார். அங்குள்ள உழவர்கள் இன்றும் அவர் சிலைக்கு மாலை அணிவிக்கின்றனர்.

இரயில் பாதைகளுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குக் கொடுங்கள், பஞ்சம் நீங்கும் என்று அவர் ஓயாது வாதாடினார். அதனால் எதிர்ப்பும் ஏளனமும் பெற்றார். 1878-இல் பாராளுமன்றக் குழுவினர் அவரைக் கடுமையாக விசாரித்தனர். ஆயினும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1899-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தமது 96-ஆம் வயதில் மறைந்தார்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. அதன்பின் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. அணையைக் கட்டினால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும் என்பதை நாம் இதனால் உணர்கின்றோம். நம் நகரின் நடுவே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் நெல்வயல்களுக்கு நீர் தருவதே. அதில் குப்பை கொட்டாதிருப்பதும், கொட்டுவோரைத் தடுப்பதும் காட்டனுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.