நாவலர் பெருமானும் பிள்ளைகளின் கல்வியும்

பிள்ளைகளின் கல்வி யாருடைய பொறுப்பு என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. பரீட்சைப் பெறுபேறு குறைந்தவிடத்துப் பெற்றோர் ஆசிரியரைக் குறை கூறுகின்றனர். ஆசிரியர் வீட்டைக் குறை கூறுகின்றனர். ஊரவர் இருசாராரையும் குறை கூறிவிட்டுத் தத்தம் கருமங்களைப் பார்க்கச் செல்கின்றனர். இடையிலே நிற்பது பிள்ளை. நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இவ்விடயத்தை எடுத்துக்கொண்ட நாம், அறிவுரைகளை அடுக்கிச் செல்வதிலும், இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாகக் கொடுத்த பெரியார் ஒருவரின் சரிதத்தைச் சொல்லுதல் நன்று எனத் துணிந்தோம். அவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள்.

நாவலர் அவர்கள் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆந் திகதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராக அவதரித்தார். இயற்பெயர் ஆறுமுகம். தமையன்மார் பலர், இவரே கடைக்குட்டி. தந்தையார் தமிழ் கற்றவர். நாடகங்கள் பல இயற்றியவர். ஏடும் எழுத்தாணியும் புழங்கிய வீடு அது. தமிழோசை பிள்ளையின் காதில் விழுந்தது பள்ளிக்கூடத்திலன்று, வீட்டிலேயே என்பதை நாம் முதலிற் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாம் வயதிலே ஏடு தொடக்கி, நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரிடம் எழுத்தும் நீதிநூல்களும் கற்றார். ஒன்பதாம் வயதிலே தந்தையார் காலமானார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாடகமொன்று முற்றுப்பெறாது கிடந்ததென்றும், அதன் எஞ்சிய பகுதியை இச்சிறுவரே பாடி நிறைவு செய்தாரென்றும் அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். தந்தை விட்டுச்சென்ற சொத்துகளுள் அந்தக் குறை ஏட்டைக் கையிலெடுத்த பிள்ளையின் மனத்தை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

தந்தையை இழந்த பிள்ளையின் படிப்பு நின்றுபோதல் அக்காலத்தில் அரிதன்று. இந்த வீட்டில் அது நிற்கவில்லை. மூத்த தமையனார் தம்பியின் கல்விப் பொறுப்பைத் தமதாக ஏற்றுக்கொண்டார். இருபாலைச் சேனாதிராய முதலியாரிடமும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடமும் தம்பியைக் கற்கச் செய்தார். இருவரும் அக்காலத்து யாழ்ப்பாணத்திலே பெரும் புலமையாளர். இலக்கணமும் இலக்கியமும் சைவநூல்களும் இவ்வாறு அவருக்கு வாய்த்தன. வடமொழியும் கற்றார். குடும்பம் என்பது தாயும் தந்தையும் மாத்திரமன்று. தந்தையில்லாத இடத்தைத் தமையன் நிரப்புவதும் குடும்பமே.

பின்னர் யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனார் நடாத்திய ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்தார். அதுவே பிற்காலத்தில் மத்திய கல்லூரியென வளர்ந்தது. அங்கே அதிபராயிருந்தவர் பேர்சிவல் பாதிரியார். மாணாக்கரின் திறமையைக் கண்டறிந்த அப்பெரியார் அவரை அங்கேயே ஆசிரியராக அமர்த்தினார். விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியிலும் துணையாகக் கொண்டார். சமயத்தால் வேறுபட்ட இருவர் தமிழால் ஒருங்கிருந்து ஆண்டுக்கணக்கில் உழைத்த செய்தி நம் இளைஞர் அறிய வேண்டியதொன்று.

அப்பாடசாலையிலே நாவலர் ஆங்கிலம் மாத்திரம் கற்றாரல்லர். பாடசாலை நடாத்தும் முறையையும் கற்றார். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே ஓர் உபாத்தியாயரைச் சுற்றிப் பல வயதுப் பிள்ளைகள் இருப்பர். ஒவ்வொரு பிள்ளையும் தன்தன் பாடத்தை மனனஞ் செய்து ஒப்புவிக்கும். மிஷன் பாடசாலையிலோ பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். வகுப்புக்குரிய அச்சுப் புத்தகம் இருந்தது. நேர ஒழுங்கு இருந்தது. இவை நல்லன எனக் கண்ட நாவலர், பிறர் வைத்திருப்பது என்பதற்காக அவற்றைத் தள்ளிவிடவில்லை. ஆயின் ஒன்று அவர் மனத்தை வருத்தியது. ஆங்கிலக் கல்வியையும் உத்தியோகத்தையும் நாடிச் செல்லும் சைவப் பிள்ளை, வீட்டிலே ஒரு நெறியையும் பாடசாலையிலே வேறொரு நெறியையும் கேட்டு இரண்டிலும் வேரூன்றாது நின்றது. வீடும் பாடசாலையும் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் பிள்ளை என்செய்யும்?

இதற்கு அவர் கண்ட மருந்து பாடசாலையிலே தொடங்கவில்லை, சமூகத்திலே தொடங்கிற்று. 1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அன்றுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. கேட்டவர் பெரும்பாலும் வளர்ந்தோர், குடும்பத்தலைவர், வணிகர். பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டுமாயின், முதலிலே பெரியோருக்கு அதன் தேவை தெரிதல் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மறு ஆண்டு, 1848 இலே, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தாறும் நிரம்பவில்லை. தாம் வீட்டில் வைத்து வேதனமின்றிக் கற்பித்து ஆயத்தஞ் செய்த மாணாக்கரே அங்கு முதல் ஆசிரியராயினர். அதே ஆண்டிலே மிஷன் பாடசாலை உத்தியோகத்தைத் துறந்தார். நிலையான சம்பளமும் மதிப்பும் உடைய அவ்வுத்தியோகத்தை விட்டு, இல்லறமும் புகாது, ஊர்ப்பிள்ளைகளின் படிப்பையே தம் குடும்பக் கடனாகக் கொண்டார்.

பாடசாலை உண்டு, பாடப்புத்தகம் இல்லை. அக்குறையை நீக்க, தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் 1849 இலே தமிழகஞ் சென்றார். அப்பயணத்திலே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய சொல்வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டமளித்தனர். பட்டத்தோடு அவர் ஊருக்குக் கொண்டுவந்தது அச்சியந்திரம். வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலை அமைந்தது. அங்கிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன. ஒன்றன்மேலொன்றாகப் படிமுறையிலே அமைந்த இப்பாடங்கள் பிள்ளையின் வயதும் அறிவும் வளர வளரத் தாமும் வளர்ந்து செல்வன. நான்காம் பாலபாடத்தை எடுத்துப் பார்ப்போர், கள்ளுண்ணல், களவு, பொறாமை முதலியவற்றின் தீமையும், கல்வியின் பயனும் தெளிந்த வசனநடையிலே விரித்துரைக்கப்பட்டிருப்பதைக் காண்பர். இலக்கணத்தை எளிதாக்க இலக்கணச் சுருக்கமும், சமய அறிவை எளிதாக்கச் சைவ வினாவிடையும் எழுதினார். 1852 இலே பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். செய்யுளின் பொருளை உணரமாட்டாதோரும் தாமே படித்தறியவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்த நூல்கள் செய்த வேலை வேறொன்றும் உண்டு. பிள்ளை பாடசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு செல்லும் புத்தகம் பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. வினாவிடையை ஒரு பிள்ளை உரக்கப் படித்தால் அடுக்களையிலிருக்கும் தாயின் காதிலும் அது விழும். திண்ணையிலிருக்கும் பாட்டனார் பிழை திருத்துவார். இவ்வாறு பாடசாலை வீட்டுக்குள்ளே சென்றது. வீட்டையும் பாடசாலையையும் இணைக்கும் பாலம் ஓர் அச்சுப் புத்தகமாக இருக்கலாம் என்பதை நாவலர் செய்து காட்டினார்.

யாழ்ப்பாணத்தோடு அவர் பணி நின்றுவிடவில்லை. 1864 இலே சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். எனினும் அவருடைய வாழ்விலே வெற்றிகளை மாத்திரம் எடுத்துரைத்தல் போதாது. நமக்குப் பாடமாவது அவர் தோற்ற இடமேயாம். ஆங்கிலம் கற்க விரும்பும் சைவப் பிள்ளைகளுக்கென 1872 இலே வண்ணார்பண்ணையில் ஆங்கில வித்தியாசாலையொன்றைத் தொடங்கினார். திட்டம் நன்று, தேவை பெரிது, நடாத்துபவரோ நாடறிந்த பெரியார். ஆயினும் நான்கு ஆண்டளவிலே பொருளின்மையால் அது மூடப்பட்டது. கேட்டுத் தலையசைத்தவர் பலராயிருக்க, மாதந்தோறும் கைகொடுத்தவர் சிலராயினர். கோயிற் பொருளையும் செல்வத்தையும் உடையோர் கல்விக்கு உதவாதிருத்தலை அவர் தம் எழுத்துக்களிலே கடிந்துரைத்தமைக்குக் காரணம் இத்தகைய அநுபவமே. ஒருவர் தம் உயிரையே கொடுத்தாலும், சமூகம் தன் பங்கைக் கொடாவிட்டால் பாடசாலை நில்லாது.

1877 இலே பஞ்சமும் கொள்ளைநோயும் யாழ்ப்பாணத்தை வருத்தின. பிரசங்கத்தையும் பதிப்பையும் சற்றே நிறுத்திவைத்துக் கஞ்சித்தொட்டித் தருமத்தை முன்னின்று நடாத்தினார். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை அறிந்தவர் அவர். 1879 இலே சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் செல்லவேண்டுமென ஆதரித்துழைத்தார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5 ஆந் திகதி, கார்த்திகை மகத்திலே, சிவபதமடைந்தார்.

அவர் கண்ட தோல்வி தோல்வியாகவே முடியவில்லை. 1888 இலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890 இலே அச்சபை பொறுப்பேற்ற பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக நிலைபெற்றது. நாவலர் ஆதரித்த இராமநாதன் அவர்கள் 1913 இலே பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரியொன்றை நிறுவினார். 1923 இலே சைவவித்தியா விருத்திச் சங்கம் எழுந்து கிராமங்கள்தோறும் பாடசாலைகளை அமைத்தது. ஒருவர் தனித்துச் சுமக்கமுடியாத பாரத்தைப் பலர் கூடிச் சுமந்தபோது அது நின்றது.

அப்பெரியாரைப் போற்றுமிடத்து ஒன்றை மறைத்தல் நமக்குத் தகாது. அவர் தம் காலத்துச் சாதியாசாரத்தை ஏற்றுக்கொண்டவர். ஒடுக்கப்பட்ட குலங்களிலே பிறந்த பிள்ளைகளுக்குச் சைவப் பாடசாலைகளின் கதவு நெடுங்காலம் அடைபட்டிருந்தது. பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கவேண்டுமென 1929, 1930 ஆம் ஆண்டுகளில் விதி வந்தபோதும் நம்மவருள் எதிர்த்து நின்றோர் உளர். சமூகம் கல்விக்குத் துணைசெய்வது போலவே தடையாகவும் நிற்கவல்லது. ஊர்ப்பிள்ளைகள் என்று நாம் சொல்லும்போது எந்தப் பிள்ளையை எண்ணாது விடுகின்றோம் என்று நம் நெஞ்சைக் கேட்டல் வேண்டும். நாவலர் தொடங்கிய பணியை அவர் நின்ற எல்லைக்கு அப்பாலும் கொண்டுசெல்லுதலே அவருக்குச் செய்யும் மெய்யான வழிபாடு எனக் கருதுகின்றோம்.

இன்று நிலை மாறிவிட்டது. 1945 முதல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளிலே உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. பாடப்புத்தகமும் சீருடையும் அரசாங்கத்தாலே கிடைக்கின்றன. இவை பெரும் பேறுகள். ஆயின் இவற்றோடு ஒரு சோம்பலும் நம்மிடம் புகுந்துவிட்டது. பாடசாலை அரசாங்கத்தினுடையது, படிப்பு ஆசிரியருடையது, எஞ்சியது ரியூசன் வகுப்பினுடையது என்று பெற்றோரும் ஊரவரும் ஒதுங்கிக்கொள்கின்றனர். விடியற்காலை வகுப்பு, பாடசாலை, மாலை வகுப்பு என்று ஓடும் பிள்ளை வீட்டாரோடு இருந்து ஒரு கதை கேட்கும் நேரம் எங்கே? மறுபுறத்திலே, தந்தையையோ தாயையோ இழந்து, கூலிவேலைக்குச் செல்வதற்காகப் பாடசாலையை விட்டு நிற்கும் பிள்ளைக்கு, நாவலருக்கு வாய்த்த தமையனாரைப்போல் ஒருவர் எங்கே?

பெரியோர்களே! வீட்டிலே ஒரு நாழிகை பிள்ளையோடு இருந்து அது படித்ததைச் சொல்லக் கேளுங்கள். உங்களுக்கு அப்பாடம் தெரியவேண்டுமென்பதில்லை; கேட்கும் செவி இருத்தலே போதும். ஆசிரியப் பெருமக்களே! பிள்ளையின் வீட்டு வாயிலை ஆண்டுக்கொருமுறையாவது மிதியுங்கள்.

இளைஞர்காள்! நாவலர் பிரசங்க மேடையேறியபோது உங்கள் வயதினரே. பொருளில்லை என்று அவர் காத்திருக்கவில்லை. கற்ற மாணாக்கரை வைத்தே தொடங்கினார். நம் வாசிகசாலையிலே மாலையில் விளக்கேற்றி, உயர்வகுப்பில் படிப்போர் சிறுவகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணிநேரம் சொல்லிக்கொடுத்தல் நம்மால் முடியாததன்று. அதற்கும் முன்பாக, நம் ஊரிலே பாடசாலைக்குச் செல்லாதிருக்கும் பிள்ளைகள் எவரெவர் எனக் குலம் பாராது அறிந்து அவர்கள் வீட்டுக்குச் செல்வோம். வருகின்ற கார்த்திகை மகத்திலே நாவலர் குருபூசை கொண்டாடும்போது, அவருடைய திருவுருவத்துக்கு மாலை சாத்துவதோடு, அப்பிள்ளைகளுள் ஒருவரையேனும் கைப்பிடித்து மீண்டும் வகுப்பில் இருத்தினோம் என்று சொல்லத்தக்கவராக நாம் இருப்போமாக.