இரும்பு பிறந்த இடம்

நான் பொறியியல் மாணவன். இரும்பு எத்தனை டிகிரியில் உருகும், எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் எங்கள் பாடத்தில் இருக்கு. ஆனால் அந்த இரும்பு முதலில் எங்கே உண்டானது? அதைத் தேடிப் போனவர்தான் பிரெட் ஹாயில்.

1915-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பிங்லி என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதில் பள்ளிக்குப் பொந்தேங் போட்டு ஊர் சுற்றியவர், பிறகு கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார்.

எல்லாத் தனிமங்களும் பெருவெடிப்பின் சூட்டிலேயே உருவாகிவிட்டன என்று ஜார்ஜ் காமாவ் போன்றவர்கள் நம்பிய காலம் அது. ஹாயிலோ, விண்மீன்களின் வயிற்றில்தான் கனமான தனிமங்கள் உண்டாகின்றன என்று 1946-லேயே கணக்குப் போட்டார். 1951-இல், சில விண்மீன்களில் சூரியனைவிட இரும்பு ரொம்பக் குறைவு என்று கண்டார்கள். அவையெல்லாம் மிகப் பழைய விண்மீன்கள். எல்லாம் ஆரம்பத்திலேயே உண்டாகியிருந்தால், பழசிலும் புதுசிலும் ஒரே அளவு இருக்கணுமே!

கார்பன்தான் ஒரு முட்டுக்கட்டை. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் கார்பன் வரும். ஆனால் கணக்குப்படி போதுமான அளவு வராது. கார்பன் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தால்தான் அது நடக்கும். உலகத்தில் இவ்வளவு கார்பன் இருக்கிறதே, அப்படியானால் அந்த நிலையும் இருந்தே ஆகணும் என்றார் ஹாயில். 1953-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுக்கூடத்துக்கே போய்ச் சொன்னார். வில்லியம் ஃபவுலர் முதலில் நம்பவில்லை. ஆனாலும் அங்கிருந்த குழு சோதித்துப் பார்த்தது. அவர் கணித்ததற்கு மிக அருகில், 7.65 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டில், அந்த நிலை இருந்தது!

1957-இல் ஹாயில், ஃபவுலர், பர்பிட்ஜ் தம்பதியர் ஆகிய நால்வரும் சேர்ந்து நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரையில் தனிமங்களின் பிறப்பை விளக்கினார்கள். 1983-இல் நோபல் பரிசு ஃபவுலருக்கும், நம்ம தமிழர் சுப்ரமணியன் சந்திரசேகருக்கும் கிடைத்தது. ஹாயிலுக்கு இல்லை.

அவரிடம் பிடிவாதமும் இருந்தது. பெருவெடிப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1949-இல் வானொலியில் சொன்னவரே அவர்தான். 1965-இல் வலுவான ஆதாரம் வந்த பிறகும், 2001-இல் சாகும்வரை அவர் அதை ஏற்கவில்லை. இன்று நமக்குத் தெரியும்: ஹைட்ரஜனும் பெரும்பாலான ஹீலியமும் பெருவெடிப்பில் வந்தவை, கார்பனும் இரும்பும் விண்மீன்கள் தந்தவை. இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருந்தது.

ஒருவர் ஒன்றில் தவறினால், மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவது நமக்கு ரொம்பச் சுலபம். அப்படித் தள்ளியிருந்தால், நம் ரத்தத்தில் ஓடும் இரும்பின் கதை பாதியிலேயே நின்றிருக்கும்.