கெல்வின் பிரபு (1824 – 1907)

செல்சியஸ் பெறுமானத்துடன் 273 ஐக் கூட்டிக் கெல்வினாக மாற்றக் கற்றிருக்கின்றீர்கள். அப்பெயருக்குரியவர் அலகுகளுக்காக நெடுங்காலம் போராடியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது.

வில்லியம் தொம்சன் 1824 ஜூன் 26 இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில், கணித ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 22 ஆவது வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கு 53 ஆண்டுகள் கற்பித்தார். தனிவெப்பநிலை அளவுத்திட்டத்தை 1848 இல் முன்வைத்தார்.

1858 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்ட தந்தி வடம் சில வாரங்களிலேயே செயலிழந்தது. இவ்வேலையில் ஈடுபட்டிருந்த தொம்சன் ஒரு குறையைக் கண்டார். மின்தடையை அளக்கப் பொது அலகு இருக்கவில்லை! ஆளுக்கொரு கம்பித் துண்டை அலகாக வைத்திருந்தனர். கடைக்குக் கடை வேறு மரைக்காலால் நெல் அளந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவரது முயற்சியால் 1861 இல் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. மக்ஸ்வெல், ஜூல் ஆகியோரும் அதில் பணியாற்றினர். பிரித்தானிய மக்கள் துணியை யாரிலும் பாணை இறாத்தலிலும் வாங்கிய அக்காலத்தில், பிரான்சில் தோன்றிய மெற்றிக் அலகுகளையே குழு அடிப்படையாகக் கொண்டது. இது துணிச்சலான முடிவாகும். 1873 இல் சென்ரிமீற்றர், கிராம், செக்கன் முறை சிபாரிசு செய்யப்பட்டது. 1881 இல் பாரிஸ் மாநாடு ஓம், வோல்ற்று, அம்பியர் ஆகியவற்றை ஏற்றுக்கொண்டது.

தந்திப் பொறியியலாளர் சங்கத்திற்கு 1874 இல் தொம்சனே தலைவர். மின்பொறியியல் புதிய துறை. மாற்றவேண்டிய பழைய கருவிகள் அதில் அதிகம் இல்லை. ஆனால் இயந்திரத் தொழிற்சாலைகளின் நிலை வேறு. அங்கு வரைபடம், திருகாணி, அச்சு யாவும் அங்குலத்தில் இருந்தன. அவற்றை மாற்றப் பெருஞ்செலவாகும் என்று உற்பத்தியாளர்கள் எதிர்த்தனர். அவர்களது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது எனக் கூற முடியாது.

1892 இல் பிரபுப் பட்டம் பெற்றுக் கெல்வின் ஆன அவர், 80 வயதை எட்டிய 1904 இல் மெற்றிக் முறையைக் கட்டாயமாக்கும் சட்டமூலத்தைப் பிரபுக்கள் சபையில் ஆதரித்தார். அச்சபை அதனை நிறைவேற்றியது. எனினும் அது சட்டமாகவில்லை. 1907 டிசம்பர் 17 இல் கெல்வின் காலமானார். பிரித்தானியா மெற்றிக் முறைக்கு மாற முடிவெடுத்தது 1965 இல்தான்! இலங்கை 1970 களில் மாறியது. ஆயினும் கல்முனையில் இன்றும் வளவு பேர்ச்சில்தான் விலை பேசப்படுகிறது.

பரீட்சைக்கு: 300°K என எழுதாதீர்கள். 1967 முதல் கெல்வினுக்குப் பாகைக் குறி இல்லை. 300 K என்பதே சரி.