விதவைச் சிறுமிகளை வாத்தியாரம்மா ஆக்கியவர்

சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கை

வானகரம் பக்கம் காலை எட்டு மணிக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பாருங்கள். தோளில் பையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக எத்தனை இளம் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்! ஒருத்தி ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறாள். இன்னொருத்தி சமூக சேவைப் படிப்பு படிக்கிறாள். குழந்தைகளையும் குடும்பங்களையும் கவனித்துக் கொள்வதையே உத்தியோகமாகக் கொள்ளப் போகிறவர்கள் இவர்கள். அதற்கென்று தனிப் படிப்பு இருப்பதில் இன்று யாருக்கும் வியப்பு இல்லை.

அதே சாலையில் கிழக்கே போனால் எழும்பூர் வந்துவிடும். நூறு வருஷங்களுக்கு முன்பு அங்கே ஒரு வீட்டில் நான்கு சிறுமிகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நால்வரும் விதவைகள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பெண்ணும் விதவைதான். அவருக்கு வயது 26 கூட ஆகவில்லை. அவர்தான் சகோதரி சுப்பலட்சுமி.

பதினோரு வயதில்

1886-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி சென்னை மயிலாப்பூரில் சுப்பலட்சுமி பிறந்தார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாட்சி. தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர் அவர்களுடைய பூர்வீகம். ஆர்.எஸ். என்ற இரண்டு எழுத்துகளும் அந்த ஊரையும் தகப்பனாரையும் குறிப்பவை. வீட்டுக்கு இவர் மூத்த பெண்.

படிப்பில் படுசுட்டி. ஒன்பது வயதில், செங்கல்பட்டு ஜில்லாவில் நடந்த நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் முதலாவதாக வந்தார். ஆனால் கெட்டிக்காரப் பெண் என்பதற்காக ஊர் வழக்கம் மாறிவிடுமா? பதினோரு வயதில் கல்யாணம் நடந்தது. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மாப்பிள்ளை இறந்து போனார். கணவனோடு குடித்தனம் நடத்தியறியாத சிறுமி, விதவை ஆனாள்.

அந்தக் காலத்தில் பிராமணக் குடும்பங்களில் விதவை என்றால் என்ன என்பது இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. தலையை மழிப்பார்கள். நகையையும் பூவையும் பொட்டையும் எடுத்துவிடுவார்கள். ஒரு வேளைதான் சாப்பாடு. கல்யாணம், சீமந்தம் எதற்கும் முன்னால் வரக்கூடாது. யாராவது வெளியே கிளம்பும்போது எதிரே வந்துவிட்டால் அபசகுனம். சமையலறையும் கொல்லைப்புறமுமே உலகம். பத்து வயதில் அங்கே ஒதுக்கப்பட்ட பெண் எழுபது வயது வரை இருந்தாலும் இதுதான் கதி.

சுப்பலட்சுமியின் பெற்றோர் இந்த வழக்கத்துக்குத் தலை கொடுக்கவில்லை. மகளின் கூந்தலில் கத்தி படக்கூடாது என்று தீர்மானித்தார்கள். அவள் படிக்கட்டும் என்றார் தகப்பனார். முதலில் தாமே வீட்டில் ஆங்கிலம் கற்பித்தார். பிறகு கிறிஸ்தவக் கன்னிமார் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். உறவினர் தூற்றினார்கள். சாதியை விட்டுத் தள்ளிவிடுவோம் என்ற மிரட்டலும் வந்தது. ஒரு மகளை வீட்டு மூலையில் உட்கார வைத்திருந்தால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை. அந்தத் தகப்பனாருக்கும் தாயாருக்கும் தனியாகவே ஒரு வரலாறு எழுதலாம்.

பள்ளியில் கன்னிமார்கள் சொந்தக் குடும்பம் இல்லாமல், பிறர் பிள்ளைகளுக்காகவே வாழ்வதை சுப்பலட்சுமி பார்த்தார். இப்படி நாமும் ஏன் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்தது. அவர் மதம் மாறவில்லை. கடைசி வரை இந்துவாகவே இருந்தார். ஆனால் பிற்காலத்தில் ஊரெல்லாம் அவரைச் சகோதரி என்றே அழைத்தது இந்த வழி வந்த பெயர்தான்.

பிறகு மாநிலக் கல்லூரி. ஆண்கள் நிறைந்த வகுப்பில் ஒரு விதவைப் பெண் போய் உட்கார்ந்தாள். தெருவில் நடந்தால் கேலி. 1911-ம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பிராமண விதவை ஒருவர் பட்டதாரியானது அதுவே முதல் தடவை. அவர் பிறந்த அதே 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மறு வருஷம் 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஒரு வருஷத்து அறுவடை நமது நாட்டுக்குப் போதும் போதும் என்று ஆயிற்று!

நாலு பெண்கள்

பட்டம் வந்தது. இனி என்ன செய்வது? ஏதாவது ஒரு பள்ளியில் சேர்ந்து, சம்பளம் வாங்கி, தன் பாட்டுக்கு இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தனக்குக் கிடைத்தது மற்றப் பெண்களுக்குக் கிடைக்கவில்லையே என்பது அவரை உறுத்தியது.

அப்போது பெண் பள்ளிகளை மேற்பார்வை செய்யும் அதிகாரியாக இருந்தவர் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற வெள்ளைக்கார அம்மையார். அவருக்கு வேறொரு கவலை. பெண் குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்ததும் பெற்றோர் பள்ளியை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆண் வாத்தியாரிடம் அனுப்பத் தயக்கம். பெண் வாத்தியார்களோ கிடைப்பதில்லை. கல்யாணமான பெண்ணை வீட்டை விட்டு வேலைக்கு அனுப்புவார் இல்லை. அப்படியானால் யார்தான் வருவார்கள்?

ஒரு பக்கம், வாழ வழியின்றி வீட்டு மூலையில் கிடக்கும் விதவைச் சிறுமிகள். மறு பக்கம், ஆசிரியைகள் இல்லாமல் திண்டாடும் பள்ளிக்கூடங்கள். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுதான் சுப்பலட்சுமி செய்த காரியம். விதவைக்குச் சோறு போட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வது பழைய தர்மம். அவளுக்கு ஒரு தொழிலைக் கற்றுக் கொடுத்து, சம்பளம் வாங்க வைத்து, நாலு குழந்தைகள் அவளைத் தேடி வரும்படி செய்வது புதிய காரியம்.

1912-ல் எழும்பூரில் தகப்பனார் வீட்டிலேயே நான்கு சிறுமிகளோடு விடுதி ஆரம்பமாயிற்று. சுப்பலட்சுமி பாடம் நடத்தினார். சித்தி வாலாம்பாள் வீட்டைக் கவனித்துக் கொண்டார். அந்தச் சித்தியும் இளம் விதவை. அதே வருஷம் சாரதா மாதர் சங்கமும் தோன்றியது. பெண்கள் கூடிப் பேசவும், பிரசங்கம் கேட்கவும், விடுதிக்குப் பணம் திரட்டவும் அது உதவியது. சர்க்கார் உதவியும் கிடைத்தது.

பெண்கள் பெருகவே, வீடு போதவில்லை. விடுதி திருவல்லிக்கேணிக்குப் போயிற்று. ஆனால் இத்தனை விதவைகளுக்கு வீடு விட யார் முன்வருவார்கள்?

ஐஸ் ஹவுஸ்

கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு பெரிய கட்டடம் அவர்களுக்கு அகப்பட்டது. கடற்கரை ஓரமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். 1842-ல் கட்டியது. அமெரிக்காவில் ஏரித் தண்ணீர் உறைந்து கிடக்கும். அதை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து, வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்காக இங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். பட்டணத்திலேயே ஐஸ் செய்யும் யந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பின்னர் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய இடமும் அதுவே. 1917-ல் சர்க்கார் அதை வாங்கி, விதவைகள் விடுதிக்குக் கொடுத்தது.

பனிக்கட்டி அடுக்கிய கட்டடத்தில் பெண்கள் குடியேறினார்கள். எதிரே திறந்த கடல். வீட்டு வாசலைத் தாண்டாதவர்கள் மாலையில் மணலில் உலாவினார்கள். பள்ளிப் படிப்பு முடித்தார்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றார்கள்.

1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி பக்கத்திலேயே பிறந்தது. அதன் முதல் தலைவி சுப்பலட்சுமி. பட்டம் பெற்றவர்களுக்கும், பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு. கல்லூரியோடு ஒரு பள்ளிக்கூடத்தையும் சேர்த்து வைத்தார்கள். புத்தகத்தில் படித்ததை உடனே குழந்தைகள் முன்னால் நின்று செய்து பார்க்க வேண்டும். முப்பது பிள்ளைகளை ஒரே சமயத்தில் கவனிப்பது, அழுகிற பிள்ளையைத் தேற்றுவது, மக்குப் பிள்ளைக்கு விளங்க வைப்பது எல்லாம் தானாக வந்துவிடாது. படித்துத்தான் வரவேண்டும். அம்மாவாக இருந்தால் போதும், குழந்தைகளைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அன்று நிறைய இருந்தார்கள். இன்றும் இல்லாமல் போகவில்லை. பெயர் சற்று மாறினாலும் அந்தக் கல்லூரி அதே கடற்கரைச் சாலையில் இப்போதும் ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. ஆசாரமும் அனுஷ்டானமும் குறைவில்லாமல் நடந்தன. சீர்திருத்தக்காரர்கள் இதற்காக அவரைக் குறை கூறினார்கள். வைதிகர்களோ பெண்களைக் கெடுக்கிறார் என்று ஏசினார்கள். ஆசாரம் கெடாது என்ற உறுதி இல்லாவிட்டால் எந்தத் தகப்பனும் மகளை அனுப்பியிருக்க மாட்டான் என்பது உண்மை. கதவு மற்றவர்களுக்கு மூடியிருந்தது என்பதும் உண்மை. அதே அம்மையார்தான் ஐஸ் ஹவுஸ் அருகே குப்பத்தில் மீனவக் குழந்தைகளுக்கும் பள்ளி வைத்தார்.

சர்க்கார் விடுதியில் 18 வயதைத் தாண்டிய பெண்களைச் சேர்ப்பதில்லை. இருபது வயதில் விதவையான பெண் எங்கே போவாள்? அவர்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயத்தைத் தொடங்கினார். பின்னர் அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்றது. தியாகராய நகரில் பெரிய பள்ளியாக இன்றும் நடக்கிறது.

விதவைச் சிறுமிகளுக்கு வழி செய்தால் மட்டும் போதாது, சிறுமிகள் விதவையாகாமலே இருக்க வேண்டும் அல்லவா? குழந்தை மணத்தைத் தடுக்கும் மசோதா வந்தபோது, அதை ஆராய்ந்த ஜோஷி கமிட்டியின் முன் அவர் சாட்சியம் அளித்தார். பெண்ணுக்கு 14 வயது, ஆணுக்கு 18 வயது என்ற சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர் இப்படிப் பொதுக் காரியங்களில் தலையிடுவது லேசான விஷயம் அல்ல.

ஓய்வுக்குப் பிறகு

சர்க்கார் 1920-ல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும், சுதந்திர இந்தியா 1958-ல் பத்மஸ்ரீ பட்டமும் கொடுத்தன. 1952 முதல் 1956 வரை சென்னை மேல்சபையில் அங்கம் வகித்தார். இவை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டியவை. ஓய்வு பெற்ற பின்பும் அவர் சும்மா இருக்கவில்லை என்பதுதான் பெரிது. 1942-ல் மயிலாப்பூரில், வயது வந்த பெண்களுக்கென்றே ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்ற பள்ளியை ஆரம்பித்தார். 1956-ல் மயிலாப்பூர் மாதர் சங்கத்தார் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியபோது அதற்கும் துணை நின்றார்.

அவர் கல்லூரி வேலையை விட்ட பிறகு, காலம் வேறு திசையிலும் நடந்தது. சமூக சேவையைப் பாடமாகக் கற்பிக்கும் பள்ளி 1936-ல் பம்பாயில் வந்திருந்தது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் அப்படிப்பட்ட பள்ளியை நிறுவினார். அது இன்று இருப்பதும் எழும்பூரில்தான். காலை பஸ்ஸில் வானகரத்திலிருந்து போகிற பெண்களில் சிலருக்கு அந்த வாசல் தெரிந்திருக்கும்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் என்ற கிராமம். 1954-ல் அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேவை நிலையம் ஒன்றை அவர் அமைத்தார். அப்போது அவருக்கு வயது 68. கூட நின்று உதவியவர் யார் தெரியுமா? எழும்பூர் வீட்டில் நாலு பெண்களைப் பார்த்துக்கொண்ட அதே வாலாம்பாள் சித்தி!

1969-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி, வைகுண்ட ஏகாதசியன்று, சகோதரி சுப்பலட்சுமி காலமானார். அவருக்கு வயது 83.