சுறாவின் பல்லும் ஆயரின் மோதிரமும்

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் சில வேளைகளில் ஒரு கேள்வி கேட்பதுண்டு. தொடக்கநூலில் ஆறு நாள் என்று படிக்கிறோம், பள்ளியிலோ பாறைகளுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வயது என்கிறார்களே, எது சரி என்று. நம்மில் பலர் பேச்சை மாற்றிவிடுகிறோம். ஆனால் பாறைகளின் முன்பின் வரிசையை அறிய வழிகாட்டியவரே ஒரு கத்தோலிக்க ஆயர் என்பதும், திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியிருக்கிறது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் நீல்ஸ் ஸ்டென்சன். அறிவியல் நூல்கள் நிக்கோலஸ் ஸ்டெனோ என்று அழைக்கும். 1638-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். குடும்பம் லூத்தரன் சபையைச் சேர்ந்தது. மருத்துவம் படித்து, 22 வயதிலேயே கன்னத்திலிருந்து வாய்க்குள் உமிழ்நீரைக் கொண்டுவரும் நாளத்தைக் கண்டறிந்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை அவர் பெயராலேயே படிக்கிறார்கள். இதயம் ஒரு தசையே என்று துணிந்து சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

1666-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்கு வந்து, பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாண்டோவின் ஆதரவைப் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் லிவோர்னோ கடற்கரை அருகே மீனவர்கள் ஒரு மாபெரும் சுறாவைப் பிடித்தனர். அதன் தலையை அறுத்து ஆராயும் பணி ஸ்டெனோவிடம் வந்தது. அதன் பற்களைக் கண்டதும் அவருக்கு 'நாக்குக் கல்' நினைவுக்கு வந்தது.

நாக்குக் கல் என்பது மால்ட்டா தீவின் பாறைகளில் கிடைத்த முக்கோண வடிவக் கல். புனித பவுல் கப்பல் உடைந்து அத்தீவில் கரையேறியபோது பாம்பு தீண்டியும் அவருக்குத் தீங்கு நேரவில்லை என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். அன்று தீவின் பாம்புகளின் நாக்குகள் கல்லாகிவிட்டன என்று மக்கள் நம்பினர். நஞ்சை முறிக்கும் என்று அக்கற்களைத் தாயத்தாகவும் அணிந்தனர். கற்றவர்களோ அவை பாறைக்குள்ளேயே முளைத்து வளர்ந்தவை என்றார்கள். அவை சுறாப் பற்களே என்று பாபியோ கொலோன்னா என்ற இத்தாலியர் 1616-இல் எழுதியிருந்தும், அது பரவலாக ஏற்கப்படவில்லை.

ஸ்டெனோ எளிமையாக யோசித்தார். பாறை இடுக்கில் வளரும் மரவேர் அந்த இடுக்குக்கு ஏற்றபடி நசுங்கி, வளைந்து போகும். நாக்குக் கற்களோ எங்கே கிடைத்தாலும் ஒரே வடிவில் இருந்தன. அப்படியானால் பல் முதலில் இருந்தது. அதைச் சுற்றியிருந்த சேறுதான் பின்னர் இறுகிக் கல்லானது. மலைமேல் கிடைக்கும் சிப்பிக்கும் இதே விளக்கம்தான். வோல்ட்டெரா நகரின் பழைய மதில் கற்களில் சிப்பிகள் இருப்பதைக் காட்டி, உரோமைக்கும் முந்திய அந்த மதிலைவிட அச்சிப்பிகள் பழையவை என்று வாதிட்டார்.

1669-இல் வெளியிட்ட சிறு நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். நீரில் படியும் வண்டல் அடுக்கடுக்காக, கிடைமட்டமாகப் படிகிறது. கீழடுக்கு இறுகிய பிறகே மேலடுக்கு அமைகிறது. ஆகவே கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. சாய்ந்து கிடக்கும் அடுக்கு பின்னால் ஏதோ அசைவால் சாய்ந்தது. இன்று கேட்டால் இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். அதுவரை யாரும் அதை விதியாக வகுத்திருக்கவில்லை! உலகின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்ற அன்றைய கணக்கை அவர் மறுக்கவில்லை என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து இங்கிலாந்தில் பிறந்த வில்லியம் ஸ்மித், கால்வாய் வெட்ட நிலம் அளக்கும் வேலையில் இருந்தபோது, ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதைக் கவனித்தார். மறைந்துபோன ஓர் உயிரினம் மேலடுக்குகளில் மீண்டும் வருவதில்லை. எனவே தொலைதூரத்துப் பாறைகளிலும் ஒரே இனத் தடம் இருந்தால் அவை ஒரே காலத்தவை. குறுகிய காலமே வாழ்ந்து பரவலாகப் பரவிய உயிரினங்களே இதற்கு ஏற்ற சாட்சிகள். சுருள் சங்கு போன்ற அம்மோனைட்டுகள் அத்தகையவை. நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிப் பாறைகளிலும் அவை கிடைக்கின்றன. அதைக்கொண்டே அங்கு கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது என்கிறார்கள். புதைபடிவம் தருவது முன்பின் வரிசையை மட்டுமே. எண்ணிக்கையில் வயது சொல்ல, இருபதாம் நூற்றாண்டில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் கதிரியக்கத் தனிமங்களை அளக்கக் கற்றார்கள். அவ்வகையில் கிரெட்டேசியஸ் என்பது 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம்.

ஸ்டெனோவின் கதைக்குத் திரும்புவோம். 1666-இல் லிவோர்னோவில் கிறிஸ்துவின் திருவுடல் பவனியைக் கண்ட அவர் உள்ளம் கலங்கினார். நெடிய தேடலுக்குப் பின் 1667 நவம்பரில் கத்தோலிக்கரானார். 1675-இல் குருவாகவும் 1677-இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டு, வட ஐரோப்பிய மறைப்பணிக்கு அனுப்பப்பட்டார். அறிவியலை ஏறக்குறையக் கைவிட்டார். 1669-இல் வந்தது வெறும் முன்னுரைதான். அதில் வாக்களித்த பெரிய நூல் எழுதப்படவே இல்லை. ஹனோவரில் அவரோடு பழகிய தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் இதை இழப்பாகவே கருதினார். நமக்கும் அது சற்று வருத்தம்தான், மறைக்கத் தேவையில்லை.

ஆயராக அவர் தம் மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். மியூன்ஸ்டரில் துணை ஆயராக இருந்தபோது, ஆயர் தேர்தலில் பணம் விளையாடியதை எதிர்த்து 1683-இல் வெளியேறினார். இறுதியில் ஷ்வெரின் நகரில் கிழிந்த உடையும் நோன்பும் வயிற்றுவலியுமாக வாழ்ந்து, 1686 டிசம்பர் 5-இல், 48 வயதில் இறந்தார்.

அவரது உடல் பிளாரன்ஸின் புனித லாரன்ஸ் பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 1881-இல் போலோஞாவில் உலக மாநாட்டுக்குக் கூடிய நிலவியலாளர்கள் அக்கல்லறைக்கு வந்து அவரை நினைவுகூர்ந்தனர். 1988 அக்டோபர் 23-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார். வேண்டுதல்களைச் சிறு தாள்களில் எழுதி அந்தக் கல்லறையின் மேல் வைத்துச் செல்லும் மக்களும் இருக்கிறார்கள்.