ஆங்கிலேயரையே அசத்திய ஆங்கிலம்: யார் இந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி?

காலை ஷிஃப்டுக்கு பிள்ளைப்பாக்கம் சிப்காட் போகிற கம்பெனி பஸ்ஸில் யாராவது ஒருவர் போனில் இங்கிலீஷ் வார்த்தை கற்றுத்தரும் ஆப்பைத் திறந்து வைத்திருப்பார். கிளையன்ட் கால், ஆடிட், வெளிநாட்டு மேனேஜர் என்று தினமும் ஏதோ ஒன்று. வேலை அத்துப்படி. ஆனால் சரியான வார்த்தை மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் இந்த இடத்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஆப் கிடையாது, கோச்சிங் கிடையாது, லண்டன் படிப்பும் கிடையாது. ஆங்கிலேயர்களே அவரை வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று கொண்டாடினார்கள்.

வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி 1869 செப்டம்பர் 22 அன்று கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வலங்கைமானில் பிறந்தார். ஏழைப் புரோகிதர் வீடு. கும்பகோணம் நேட்டிவ் ஹைஸ்கூலில் படித்துவிட்டு அங்கேயே அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர் வாங்கிய கல்லூரி அது. உ.வே.சாமிநாதையர் அங்கே தமிழ் நடத்திக்கொண்டிருந்த காலம். சாஸ்திரி கவனம் செலுத்தியது ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும்.

வாத்தியார் வேலை

படிப்பு முடிந்ததும் மாயவரத்தில் வாத்தியார் ஆனார். பிறகு சேலம், அப்புறம் சென்னை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். ஏறக்குறைய 20 வருஷம் இப்படியே போனது. வாழ்க்கை வரலாறுகள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடும். ஆனால் அவருடைய ஆங்கிலம் உருவானது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வார்த்தையை நாம் படித்துவிட்டுப் போகலாம். புரியாமல் முழிக்கிற பையனுக்கு அதையே விளக்கணும் என்றால், பக்கத்து வார்த்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், இதை எங்கே போடக்கூடாது என்பதெல்லாம் தெரிந்திருக்கணும்.

சாஸ்திரியின் பேச்சில் பெரிய பெரிய வார்த்தைகள் கொட்டாது. மேஜையைத் தட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அந்த இடத்துக்கு எந்த வார்த்தையோ அது மட்டும் வரும், உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். அவ்வளவுதான்.

1907ல் பள்ளி வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915ல் கோகலே இறந்ததும் சங்கத்தின் தலைவரானார். 1921ல் பிரிவி கவுன்சில் உறுப்பினர் பதவி வந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் அவரை மகாகனம் சாஸ்திரியார் என்று எழுதத் தொடங்கின.

கைதட்டல் கிடைத்தது, உரிமை?

1922ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றினார். அங்கே குடியேறிய இந்தியர்களுக்கும் சம உரிமை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. போன இடமெல்லாம் கூட்டம், பாராட்டு. ஆஸ்திரேலியா 1925ல் அங்கிருந்த பிரிட்டிஷ் இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தியர்கள் 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கென்யா விஷயத்தில் விழுந்த அடி இன்னும் பெரிது. 1923ல் அங்குள்ள இந்தியர்களுக்காக லண்டனில் போய் வாதாடினார். வளமான மேட்டுநிலம் வெள்ளையருக்கே என்று பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தது. பேச்சை ரசித்த அதே ஊர், கேட்டதைக் கொடுக்கவில்லை. பேசியே நியாயம் வாங்கிவிடலாம் என்று நம்பிய மனுஷன் இதில் நொந்துபோனார். காந்தியின் ஒத்துழையாமை வழியையும் அவர் ஏற்கவில்லை என்பதால் உள்ளூரிலும் அவருக்குத் திட்டு விழுந்தது.

1927ல் இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாக தென்னாப்பிரிக்கா போனார். அங்கே கிளர்க்ஸ்டார்ப் ஊரில் வெள்ளைக்காரக் கும்பல் ஒன்று அவருடைய கூட்டத்தையே கலைத்துவிட்டது. ஆனாலும் இந்தியப் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்பு படிக்கவும் ஆசிரியர் பயிற்சி பெறவும் டர்பனில் ஒரு கல்விக்கூடத்துக்கு நிதி திரட்டினார். 1929ல் திறந்த அதன் பெயர் சாஸ்திரி கல்லூரி.

பிறகு வட்டமேஜை மாநாடு. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

வார்த்தை விஷயத்தில் அவர் சறுக்கிய இடமும் உண்டு. 1940ல் தமிழ்க் கலைச்சொற்களுக்காக சென்னை மாகாண அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். சமஸ்கிருதச் சொற்களுக்கே அங்கே முன்னுரிமை என்று தமிழறிஞர்கள் கொதித்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எடையைத் துல்லியமாக அளந்தவர், தமிழுக்குள்ளேயே அதற்கான சொல் இருக்குமே என்று இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம்.

காந்தியோடு அரசியலில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. நட்பு மட்டும் அப்படியே இருந்தது. சத்திய சோதனையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தவர், தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டார். அவர் சாஸ்திரிதான் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற செய்தி. 1946 தொடக்கத்தில் சென்னை வந்த காந்தி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சாஸ்திரியைத் தேடிப் போய்ப் பார்த்தார். அந்த ஏப்ரல் 17ல் சாஸ்திரி காலமானார்.