பந்தினால் பிரிந்த நட்பு

கோல்ப் ஆட்டத்தில் மட்டை முக்கியமா, பந்து முக்கியமா? மட்டைதான் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் ஒரு பந்தைத் தொட்டதற்காக, முதலாளியையும் பிழைப்பையும் ஒரே நாளில் இழந்தார் ஒருவர். பின்னாளில் அவரே அந்த ஆட்டத்தின் தந்தை என்று போற்றப்பட்டார். அவர்தான் டாம் மாரிஸ்.

ஸ்காட்லாந்தில் கடலோரமாக இருக்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊர். அங்கே 1821-ம் ஆண்டு ஜூன் மாதம் டாம் பிறந்தார். தகப்பனார் கைத்தறி நெசவாளி. வசதி இல்லாத குடும்பம். பதினான்கு வயது வாக்கில் பையனைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த இடம், ஆலன் ராபர்ட்ஸனின் பந்துப் பட்டறை.

ஒரு தொப்பி இறகு

ஆலன் சாமானியர் அல்ல. அந்தக் காலத்தில் கோல்ப் ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பரம்பரை பரம்பரையாகப் பந்து செய்யும் குடும்பம் அவருடையது.

அப்போது பந்து என்றால் இறகுப் பந்துதான். தோலைப் படிகார நீரில் ஊற வைத்துச் சிறு பையாகத் தைப்பார்கள். ஒரு தொப்பி கொள்ளும் வாத்து இறகை வேகவைத்து, அந்தச் சிறு பைக்குள் அடைப்பார்கள். கையால் மட்டும் முடியாது; இரும்புக் கோலை நெஞ்சால் அழுத்தித் திணிக்க வேண்டும். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். பந்து கல்லைப் போல் கெட்டியாகிவிடும்.

நாள் முழுவதும் பாடுபட்டாலும் ஒருவர் நாலைந்து பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. ஆகையால் விலை அதிகம். ஒரு மட்டையின் விலையைவிடப் பந்தின் விலை கூடுதலாக இருந்ததும் உண்டு. மழையில் நனைந்தால் பந்து கனத்துவிடும். தையல் விட்டால் இறகு காற்றில் பறக்கும். அதனால் கோல்ப் பணக்காரர்களின் ஆட்டமாகவே இருந்தது.

ஆலனும் டாமும் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். மைதானத்தில் ஜோடி சேர்ந்து ஆடினார்கள். 1849-ல் பெரும் பந்தயம் ஒன்றில் டன் சகோதரர்களைத் தோற்கடித்தார்கள். குருவும் சீடனுமாக இருந்தவர்கள் உற்ற நண்பர்களானார்கள்.

மலாயாவிலிருந்து வந்த வினை

அந்த நட்பைக் கெடுத்தது ஒரு மரத்தின் பால்! மலாயாக் காடுகளில் வளரும் மரம் அது. அதன் பாலை இறுக வைத்தால் கிடைப்பது கட்டாபெர்ச்சா. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கெட்டியாகும். 1848 வாக்கில் இதை உருட்டிப் பந்து செய்யத் தொடங்கினார்கள்.

புதுப் பந்து மலிவு. நனைந்தாலும் கெடாது. அடிபட்டு உருக்குலைந்தால் வெந்நீரில் போட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம். கடுங்குளிரில் சில சமயம் துண்டு துண்டாக உடையும் என்பது ஒன்றுதான் பெரிய குறை.

ஆலனுக்கு அடிவயிற்றில் கலக்கம். பரம்பரைத் தொழிலுக்கே ஆபத்து வந்துவிட்டதே! முட்புதர்களில் தொலைந்து கிடந்த புதுப் பந்துகளைப் பையன்களிடம் காசு கொடுத்து வாங்கினார். அவற்றை நெருப்பில் போட்டுக் கொளுத்தினார். தம் ஆட்கள் யாரும் அந்தப் பந்தால் ஆடக்கூடாது என்றும் கட்டளையிட்டார்.

ஒரு நாள் டாம், காம்ப்பெல் என்ற கனவானுடன் ஆடிக்கொண்டிருந்தார். கையிலிருந்த இறகுப் பந்துகள் தீர்ந்துவிட்டன. காம்ப்பெல் தம்மிடமிருந்த புதுப் பந்து ஒன்றைக் கொடுத்தார். டாம் அதை வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். எதிரே ஆலன் வந்துவிட்டார். விஷயம் அவர் காதுக்கு எட்டியது. அங்கே அவர் ஒன்றும் பேசவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் சொல் தடித்தது. டாம் வேலையை விட்டு வெளியேறினார்.

வென்றது யார்?

பிழைப்புக்கு வழி தேட வேண்டும். டாம் சொந்தமாகக் கடை வைத்தார்; புதுப் பந்துகளைச் செய்து விற்றார். 1851-ல் பிரெஸ்ட்விக் என்ற ஊருக்குக் குடிபோய், பன்னிரண்டு குழிகள் கொண்ட மைதானத்தை அமைத்தார்.

காலம் யாருக்காகக் காத்திருக்கும்? எதிர்த்த ஆலனே கடைசியில் கட்டாபெர்ச்சாவுக்கு மாறினார். 1858-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தை 79 அடிகளில் முடித்துச் சாதனை படைத்தபோது, அவர் ஆடியது புதுப் பந்தைக் கொண்டுதான்! மறு ஆண்டே அவர் காலமானார்.

அவருக்குப் பின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று பார்க்க, 1860-ல் பிரெஸ்ட்விக்கில் போட்டி நடந்தது. இன்றும் தொடரும் ஓப்பன் போட்டியின் ஆரம்பம் அதுதான். அந்த ஆண்டு டாம் இரண்டாவதாக வந்தார். பிறகு 1861, 1862, 1864, 1867 ஆகிய நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றார். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 46. அவ்வளவு வயதில் அந்தப் பட்டத்தை வென்றவர் வேறு எவரும் இல்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளும் வென்றது அவருடைய மகன், சின்ன டாம். 1872-லும் அவனே வென்றான். ஆனால் விதி பொல்லாதது. 1875-ல் சின்ன டாமின் மனைவி பிரசவத்தில் இறந்தாள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று மகனும் 24 வயதில் கண்ணை மூடினான். தகப்பனார் துக்கத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு உழைத்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் காவலராக நெடுங்காலம் பணிபுரிந்தார். 1908-ம் ஆண்டு, மாடிப்படியிலிருந்து விழுந்து, 86-வது வயதில் உயிர் நீத்தார்.

அதற்குள் கட்டாபெர்ச்சாவின் காலமும் முடிந்துவிட்டது. ரப்பர் நூல் சுற்றிய பந்து அமெரிக்காவிலிருந்து வந்தது. 1902-ல் ஓப்பன் பட்டம் வென்ற சாண்டி ஹெர்ட் ஆடியது அதனால்தான். இறகை வென்ற பந்து ரப்பரிடம் தோற்றதையும் டாம் தம் கண்ணால் பார்த்துவிட்டார்!

இன்றும் பந்து வாங்குகிறவருக்குக் குழப்பம் உண்டு. மெத்தென்ற உறை போட்ட பந்து நன்றாகச் சுழலும், புல்தரையில் சொன்னபடி நிற்கும், விலை அதிகம். கெட்டி உறை போட்டது நெடுந்தூரம் ஓடும்; நாள்பட உழைக்கும்; விலையும் குறைவு. தேர்ந்த கைக்கு முன்னது, பழகுகிறவருக்குப் பின்னது. பழம்பெருமையைப் பார்த்துப் பந்தை எடுக்கலாகாது. தன் கையைப் பார்த்து எடுக்க வேண்டும். டாம் மாரிஸ் அதற்குக் கொடுத்த விலைதான் மிகப் பெரிது: ஒரு நண்பர்.